சூரியக் குடும்பத்தின் எல்லையை அணுக்களைக் கொண்டு பார்ப்பது எப்படி? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சூரியனிலிருந்து எல்லாத் திசைகளிலும் ஓயாமல் பாய்ந்துகொண்டிருக்கும் மின்னேற்றத் துகள்களைச் சூரியக் காற்று என்கிறோம். விண்மீன்களுக்கு இடையே பரவியிருக்கும் வாயுவை இந்தக் காற்று ஒதுக்கித் தள்ளி, தனக்கென ஒரு குமிழியை ஏற்படுத்திக்கொண்டிருக்கிறது. அதுதான் ஹீலியோஸ்பியர். பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தொலைவு ஒரு வானியல் அலகு என்றால், குமிழியின் முன்பக்க எல்லை சுமார் 120 அலகு தள்ளி இருக்கிறது. அந்த எல்லையை நேரில் கடந்து அளந்தவை இரண்டே கலங்கள். வாயேஜர் 1 கடந்தது 2012 ஆகஸ்ட் 25 அன்று, வாயேஜர் 2 கடந்தது 2018 நவம்பர் 5 அன்று. இரண்டு ஆழ்துளைக் கிணறு போட்டுவிட்டு மாவட்டம் முழுவதற்கும் நிலத்தடி நீர் நிலவரம் சொல்ல முடியுமா? அதே சிக்கல்தான் இங்கும்.

முழு எல்லையையும் பூமிக்கு அருகிலிருந்தே பார்க்க ஒரு வழி உண்டு. அங்கே பிறந்து இங்கே வந்து விழும் ஆற்றல்மிகு நடுநிலை அணுக்களை எண்ணி, வந்த திசைவாரியாகப் பிரித்து, வான வரைபடமாக்குவது. ஆங்கில முதலெழுத்துகளைக் கொண்டு இவற்றை ஈ.என்.ஏ. என்பார்கள். இளங்கலை இயற்பியல் அளவு அறிவும், ஒரு சாதாரண மடிக்கணினியும், கொஞ்சம் பைத்தான் நிரலாக்கமும் இருந்தால் இந்த வரைபடங்களை நீங்களே வரைந்து படிக்கலாம். தரவு இலவசம். முன்கூட்டியே ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: இந்த வரைபடம் ஒரு கணத்தில் எடுத்த புகைப்படம் அல்ல. வெவ்வேறு ஆண்டுகளில் புறப்பட்ட அணுக்களின் கூட்டுத்தொகை அது. புதிதாக வருபவர்கள் நிறத்தைப் பார்த்துவிட்டு வயதைக் கேட்க மறப்பதால்தான் பெரும்பாலும் தடுமாறுகிறார்கள்.

முதல் படி: அணு பிறக்கும் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள்

மின்னேற்றம் உள்ள துகளைக் காந்தப்புலம் சுழற்றி இழுத்துக்கொண்டு போய்விடும். ஹீலியோஸ்பியரின் விளிம்பில் இருக்கும் ஒரு புரோட்டான் நேராக நம்மிடம் வர வழியே இல்லை. ஆனால் அங்கே விண்மீனிடை வாயுவிலிருந்து நுழையும் குளிர்ந்த ஹைட்ரஜன் அணுக்களும் இருக்கின்றன, ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 0.1 என்ற கணக்கில். வேகமான புரோட்டான் ஒன்று அப்படிப்பட்ட அணுவை உரசிச் செல்லும்போது அதன் எலக்ட்ரானைப் பறித்துக்கொள்கிறது. இதுதான் மின்னேற்றப் பரிமாற்றம். பறித்த கணத்தில் புரோட்டான் நடுநிலை அணுவாகிவிடுகிறது. தன் வேகத்தையும் திசையையும் ஏறக்குறைய அப்படியே வைத்துக்கொண்டு, காந்தப்புலத்தைச் சட்டைசெய்யாமல் நேர்கோட்டில் கிளம்பிவிடுகிறது. அந்த நேர்கோட்டில் பூமி இருந்தால் நமக்கு ஒரு செய்தி கிடைத்ததாக அர்த்தம்.

எந்தப் புரோட்டான்கள் இப்படி மாறுகின்றன என்பதுதான் சுவையான இடம். விண்மீனிடை ஹைட்ரஜன் அணு ஒன்று உள்ளே மிதந்து வந்து, வழியில் எலக்ட்ரானை இழந்து, சூரியக் காற்றோடு அள்ளிக்கொண்டு போகப்பட்டால் அதைப் பிக்கப் அயனி என்கிறார்கள். மீயொலி வேகத்தில் வரும் சூரியக் காற்று திடீரென வேகம் குறையும் எல்லைக்கு டெர்மினேஷன் ஷாக் என்று பெயர். வாயேஜர் 1 அதை 2004 டிசம்பரில் 94 அலகு தொலைவிலும், வாயேஜர் 2 அதை 2007 ஆகஸ்டில் 84 அலகு தொலைவிலும் கடந்தன. அங்கே காற்று இழக்கும் ஆற்றல் சாதாரணப் புரோட்டான்களைச் சூடாக்கும் என்றுதான் எதிர்பார்த்தார்கள். வாயேஜர் 2 அளந்தபோது அவை எதிர்பார்த்ததைவிட மிகவும் குளிர்ந்திருந்தன. ஆற்றலின் பெரும்பங்கு பிக்கப் அயனிகளுக்குப் போயிருந்தது. வாயேஜரின் கருவிகளுக்கோ அந்த ஆற்றல் வரம்பைப் பார்க்கும் கண் இல்லை. ஈ.என்.ஏ. வரைபடங்கள் நிரப்புவது இந்த இடைவெளியை. ஷாக்குக்கும் வெளி எல்லையான ஹீலியோபாஸுக்கும் நடுவிலுள்ள ஹீலியோஷீத் பகுதியில்தான் இவற்றில் பெரும்பகுதி பிறக்கிறது.

இரண்டாம் படி: வேகத்தை வயதாக மாற்றப் பழகுங்கள்

இந்தத் துறையில் ஆற்றலைக் கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் சொல்வார்கள். சுருக்கமாக கி.எ.வோ. என்று வைத்துக்கொள்வோம். ஹைட்ரஜனுக்கு ஒரே ஒரு சூத்திரம் போதும்: ஆற்றலின் வர்க்கமூலத்தை 438ஆல் பெருக்கினால் வேகம் வினாடிக்குக் கிலோமீட்டரில் வரும். அதை 0.211ஆல் பெருக்கினால் ஆண்டுக்கு எத்தனை வானியல் அலகு என்று வரும்.

ஒரு கி.எ.வோ. அணு ஆண்டுக்கு 92 அலகு ஓடுகிறது. 100 அலகு தொலைவிலிருந்து வர ஓராண்டுக்குச் சற்று மேல். 4.29 கி.எ.வோ. அணு அதே தூரத்தை ஏறக்குறைய ஆறு மாதத்தில் கடந்துவிடும். 0.71 கி.எ.வோ. அணுவுக்கு ஓராண்டும் மூன்று மாதமும் பிடிக்கும். ஆக, ஒரே நாளில் ஒரே திசையிலிருந்து கருவிக்குள் விழும் இரண்டு அணுக்களின் புறப்பட்ட நாள்கள் ஒன்பது மாதம் வித்தியாசப்படலாம். இதோடு சூரியக் காற்று வெளியே போய்ச் சேர எடுக்கும் ஓராண்டையும் கூட்ட வேண்டும். இந்த எண்களைக் காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டி வைத்துக்கொள்வது நல்லது, அடிக்கடி தேவைப்படும்.

மூன்றாம் படி: கருவி உண்மையில் எதை எண்ணுகிறது?

முழு வானத்துக்கும் இப்படி வரைபடம் எடுக்கவென்றே அனுப்பப்பட்ட முதல் கலம் நாசாவின் ஐபெக்ஸ். 2008 அக்டோபர் 19 அன்று பசிபிக் தீவான குவாஜலீனிலிருந்து, விமானத்தில் தூக்கிச் சென்று ஏவும் பெகாசஸ் ராக்கெட் மூலம் புறப்பட்டது. மூன்று நாள் கழித்து ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய சந்திரயான்-1-லும் சாரா என்ற ஈ.என்.ஏ. கருவி இருந்தது. ஸ்வீடன் விண்வெளி இயற்பியல் நிறுவனமும் திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் விண்வெளி மையமும் சேர்ந்து செய்தது. அது பார்த்தது நிலவை. நிலவின் மண்ணில் மோதும் சூரியக் காற்றுப் புரோட்டான்களில் கணிசமான பங்கு நடுநிலை அணுவாக எகிறித் திரும்புகிறது என்பதைக் காட்டியது. ஒரே நுட்பம், ஒரே வாரம், அளந்த தூரத்தில்தான் அத்தனை வித்தியாசம்.

ஐபெக்ஸில் இரண்டு உணரிகள். ஐபெக்ஸ்-லோ 0.01 முதல் 2 கி.எ.வோ. வரை, ஐபெக்ஸ்-ஹை 0.3 முதல் 6 கி.எ.வோ. வரை. ஹை உணரிக்குள் ஒரு அணு படும் பாட்டைப் பின்தொடருங்கள். முதலில் தேன்கூடு போன்ற துளைத் தட்டு. அது சுமார் 7 பாகை அகலத்துக்குள் வருபவற்றை மட்டும் அனுமதிக்கிறது. அதில் உள்ள மின்னழுத்தம் வெளியிலிருந்து வரும் அயனிகளை விரட்டிவிடுகிறது. அணுவுக்கு மின்னேற்றம் இல்லாததால் தடையில்லாமல் உள்ளே போகிறது. அடுத்து மிக மெல்லிய கார்பன் படலம், தடிமன் நானோமீட்டர் கணக்கில்தான். அதைத் துளைத்துப் போகும்போது அணுக்களில் ஒரு பங்கு எலக்ட்ரானை இழந்து மறுபடி அயனியாகிறது. இவ்வளவு தூரம் நடுநிலையாக வந்த அணு, வீட்டு வாசலில் மீண்டும் மின்னேற்றம் பெறுகிறது. அப்போதுதான் மின்புலத்தால் அதை வளைத்து, ஆற்றல்வாரியாகப் பிரிக்க முடியும். கடைசியில் வரிசையாக உள்ள கண்டறி அறைகள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் துடித்தால்தான் அது அணு என்று ஏற்கப்படும். இந்தக் கெடுபிடிக்குக் காரணம் உண்டு. அணுக்களைவிடப் பல மடங்கு அதிகமாகப் புற ஊதா ஒளித்துகள்கள் உள்ளே விழுகின்றன, காஸ்மிக் கதிர்களும் தொந்தரவு செய்கின்றன. ஒற்றைத் துடிப்பை நம்பினால் வரைபடம் முழுக்கக் குப்பை.

அடுத்தது பூமி. நம் காந்த மண்டலமே பிரகாசமாக ஈ.என்.ஏ. உமிழ்கிறது. அதனால் ஐபெக்ஸுக்கு மிக நீண்ட நீள்வட்டப் பாதை கொடுத்தார்கள். 2011இல் அதைச் சந்திரனின் சுற்றுக்காலத்தில் மூன்றில் ஒரு பங்கு காலம் எடுக்கும் நிலையான பாதைக்கு மாற்றினார்கள். கலம் பூமிக்கு அருகில் வரும் நேரத்தில் எடுத்த எண்ணிக்கைகளை ஒதுக்கிவிடுகிறார்கள். நீங்கள் வரையும் வரைபடத்தில் வெற்றுப் பட்டைகள் தெரிந்தால் நிரலில் பிழை என்று பயப்பட வேண்டாம்.

நான்காம் படி: வானத்தில் திசை தெரிந்துகொள்ளுங்கள்

வரைபடங்கள் சூரிய வீதியை நடுக்கோடாகக் கொண்டவை. சூரியன் நட்சத்திரங்களின் ஊடாக ஆண்டு முழுவதும் நகரும் பாதைதான் சூரிய வீதி. விண்மீனிடை வாயு நம்மை நோக்கி வரும் திசையை ஹீலியோஸ்பியரின் மூக்கு என்கிறார்கள். அதன் தீர்க்கரேகை சுமார் 256 பாகை, அட்சரேகை வடக்கே 5 பாகை. ராசி, நட்சத்திரம் தெரிந்தவர்களுக்கு இது எளிது. மூக்கு, கேட்டைக்கு வடகிழக்கே பத்துப் பன்னிரண்டு பாகை தள்ளி இருக்கிறது. ஜூன் தொடக்கத்தில் நள்ளிரவில் கேட்டை தெற்கு வானில் உச்சிக்கு வரும்போது, சற்று மேலே இடப்பக்கம் பாருங்கள். அந்தத் திசையிலிருந்துதான் வினாடிக்குச் சுமார் 26 கிலோமீட்டர் வேகத்தில் வாயு வந்துகொண்டிருக்கிறது. எதிர்ப்பக்கம், அதாவது வால், ரோகிணிக்குப் பக்கத்தில். இந்த இரண்டு நட்சத்திரங்களையும் அடையாளம் வைத்துக்கொண்டால் எந்த ஈ.என்.ஏ. வரைபடத்தைப் பார்த்தாலும் திகைப்பு வராது.

ஐந்தாம் படி: முதல் வரைபடத்தை வரையுங்கள்

ஐபெக்ஸின் தரவு வெளியீடுகள் அந்தத் திட்டத்தின் பொதுத் தளத்திலும் நாசாவின் விண்வெளி இயற்பியல் தரவுக் காப்பகத்திலும் கிடைக்கின்றன. ஐபெக்ஸ்-ஹை தரவிலிருந்து தொடங்குங்கள். லோ தரவில் விண்மீனிடை அணுக்களின் நேரடி ஓட்டமும் கலந்துவிடும், அதைப் பிரிப்பது தனி வித்தை. ஹை வரைபடங்கள் சாதாரண டெக்ஸ்ட் கோப்புகள். வானம் 6 பாகைக் கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும், 60 தீர்க்கரேகை, 30 அட்சரேகை, மொத்தம் 1,800 கட்டங்கள். முதலில் 1.74 கி.எ.வோ. கோப்பை எடுங்கள். பாய்வு (அந்தத் திசையிலிருந்து வந்து விழும் அணுக்களின் அளவு), அதன் பிழை அளவு, கண்காணித்த நேரம் என்று தனித்தனிக் கோப்புகள் இருக்கும். பாய்வை மட்டும் இறக்கிவிட்டு பிழைக் கோப்பை விட்டுவிடாதீர்கள்.

பைத்தானின் நம்பை தொகுப்பில் படித்து, அதன் படம் வரையும் தொகுப்பான மேட்பிளாட்லிப்பில், முழு வானத்தையும் தட்டையான நீள்வட்டமாக விரிக்கும் மோல்வைடு முறையில் வரையலாம். சுணங்க வைக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று, மேட்பிளாட்லிப் கோணத்தை ரேடியனில், பூச்சியத்தின் இரு பக்கமும் எதிர்பார்க்கும். கோப்பு 0 முதல் 360 வரை தரும். இரண்டு, வானத்தை உள்ளிருந்து பார்ப்பதால் தீர்க்கரேகை வலமிருந்து இடமாக ஏறும். தலைகீழாகிவிட்டதா, இடவலம் மாறிவிட்டதா என்று சரிபார்க்க ஒரு நம்பகமான சோதனை இருக்கிறது. வரைபடத்தில் பளிச்சென்று ஒரு வளைந்த பட்டை தெரியும். மூக்கின் தீர்க்கரேகையில் அது தெற்கே 25 முதல் 30 பாகைக்கு இடையில் கடக்க வேண்டும். தீர்க்கரேகை 290 பக்கம் போகும்போது நடுக்கோட்டுக்கு ஏறிவிட வேண்டும். உங்கள் படத்தில் அது வடக்கே போனால் வரிசைகளைத் திருப்பிப் போடுங்கள். கோப்பின் தலைப்பு வரிகளைப் படித்திருந்தால் இந்தச் சோதனையே தேவைப்பட்டிருக்காது என்பது வேறு விஷயம்.

சராசரி எடுக்கும்போது துருவத்துக்கு அருகிலுள்ள கட்டங்களின் பரப்பு சிறிது என்பதை நினைவில் வைத்து, அட்சரேகையின் கொசைனால் எடையிடுங்கள்.

ஆறாம் படி: எந்தத் திருத்தம் செய்த கோப்பு என்று பாருங்கள்

பலர் அவசரமாகத் தாண்டிப் போகும் படி இது. நான் இங்கேதான் அதிக நேரம் செலவிடச் சொல்வேன்.

ஐபெக்ஸ் சூரியனை நோக்கிய அச்சில் நிமிடத்துக்கு நான்கு முறை சுழல்கிறது, உணரிகள் அச்சுக்குச் செங்குத்தாகப் பார்க்கின்றன. ஒரு சுழற்சியில் வானத்தில் ஒரு முழு வட்டம் துடைக்கப்படுகிறது. பூமி சூரியனைச் சுற்ற அந்த வட்டமும் நகர்ந்து, ஆறு மாதத்தில் முழு வானம் நிரம்புகிறது. எனவே பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களே வாரக்கணக்கில் இடைவெளி விட்டு எடுக்கப்பட்டவையாக இருக்கலாம். அதோடு பூமி வினாடிக்கு 30 கிலோமீட்டர் ஓடுகிறது. அது ஓடும் திசையிலிருந்து வரும் ஒரு கி.எ.வோ. அணு, கலத்துக்கு 1.14 கி.எ.வோ.வாகத் தெரியும். பின்னாலிருந்து துரத்தி வருவது 0.87ஆகக் குறைந்து தெரியும். 0.1 கி.எ.வோ.வில் இந்த வித்தியாசம் 1.48 மடங்குக்கும் 0.61 மடங்குக்கும் போய்விடும். இதைச் சரிசெய்வதற்கு காம்ப்டன்-கெட்டிங் திருத்தம் என்று பெயர். இரண்டு ஆண்டுகளை ஒப்பிட வேண்டுமானால் பூமி முன்னோக்கிப் போகும் பக்கத்தை மட்டும் சேர்த்து ஓராண்டுக்குத் தயாரித்த வரைபடங்களை எடுங்கள். அவற்றில் ஒவ்வொரு கட்டமும் ஆண்டுதோறும் ஒரே நிலைமையில் பார்க்கப்பட்டிருக்கும்.

இன்னொரு திருத்தம், பிழைத்து வரும் வாய்ப்பு பற்றியது. சூரியனை நெருங்க நெருங்க ஒளியாலும் சூரியக் காற்றாலும் சில அணுக்கள் மறுபடி அயனியாகித் தொலைந்துபோகின்றன. மெதுவான அணுக்களுக்கு இழப்பு அதிகம். விளிம்பில் உண்மையில் எவ்வளவு இருந்தது என்று தெரிய, அந்த இழப்பைக் கணக்கிட்டுத் திருப்பிச் சேர்த்த கோப்பு வேண்டும். திருத்தியதையும் திருத்தாததையும் கலந்துவிட்டால் இல்லாத மாற்றங்கள் எல்லாம் தெரியும்.

எண்ணிக்கைப் பிழையும் சேரும். ஒரு கட்டத்தில் 25 அணுக்கள் என்றால் பிழை 5, அதாவது 20 சதவீதம். 10 சதவீத மாற்றத்தைப் பற்றி வாய் திறக்க வேண்டுமானால் குறைந்தது 100 அணுக்களாவது கையில் இருக்க வேண்டும். அதுவும் பிழையின் ஒரு மடங்கு (ஒரு சிக்மா) அளவுக்குத்தான் போதும். பக்கத்துக் கட்டங்களைச் சேர்த்துவிடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஏழாம் படி: ரிப்பனைப் படியுங்கள்

அந்தப் பளிச்சென்ற பட்டைக்கு ரிப்பன் என்று பெயர். 2009இல் ஐபெக்ஸ் குழு இதை வெளியிட்டபோது எந்தக் கோட்பாட்டு மாதிரியும் இதை முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை. சுமார் 20 பாகை அகலம், சுற்றுப்புறத்தைவிட இரண்டு மூன்று மடங்கு பிரகாசம், இரண்டு வாயேஜர்களின் பாதைகளுக்கும் நடுவே நழுவிப் போகிறது. நேரில் போன இரண்டு கலங்களுக்கும் இது தட்டுப்படவே இல்லை! வானத்தில் ஏறக்குறைய முழு வட்டம். அதன் மையம் சுவாதிக்குக் கிழக்கே சுமார் 15 பாகையில், ஆரம் 75 பாகை.

இந்த மையம் சும்மா வரவில்லை. வெளியே உள்ள விண்மீனிடைக் காந்தப்புலம் நம் பார்வைக் கோட்டுக்குச் செங்குத்தாக இருக்கும் இடங்களை இணைத்தால் ரிப்பன் வருகிறது. பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம் இப்படிப் போகிறது: சூரியக் காற்றுப் புரோட்டான் நடுநிலையாகி ஹீலியோபாஸைத் தாண்டி வெளியே போகிறது, அங்கே மறுபடி அயனியாகி வெளிக் காந்தப்புலத்தைச் சுற்றுகிறது, இன்னொரு பரிமாற்றத்தில் நடுநிலையாகி உள்நோக்கித் திரும்புகிறது. இதனால் ரிப்பன் அணுக்களின் வயது ஹீலியோஷீத் அணுக்களைவிட அதிகம். ஒரே படத்தில் இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் பயிற்சியாக, சூரிய அமைதிக் காலமான 2009இன் வரைபடத்தை 1.1 கி.எ.வோ.விலும் 4.29 கி.எ.வோ.விலும் வரைந்து பக்கத்தில் வையுங்கள். உயர் ஆற்றலில் ரிப்பனின் பிரகாசம் வடக்கே உயர் அட்சரேகைக்கு நகரும். அமைதிக் காலத்தில் சூரியனின் துருவங்களிலிருந்து வினாடிக்கு 750 கிலோமீட்டர் அளவில் வேகக் காற்று வீசும். இரண்டாம் படியின் சூத்திரத்தில் போட்டால் 2.9 கி.எ.வோ. வரும். நடுக்கோட்டின் 400 கிலோமீட்டர் காற்றுக்கு 0.8 வரும். சூரியக் காற்றின் அட்சரேகை அமைப்பு எல்லை வரை போய்த் திரும்பி நம்மிடம் வந்திருக்கிறது.

எட்டாம் படி: ஒரு துடிப்பைத் துரத்துங்கள்

2014 இறுதியில் சூரியக் காற்றின் அழுத்தம் ஏறக்குறைய 50 சதவீதம் எகிறியது. வினாடிக்கு 450 கிலோமீட்டர் என்றால் 100 அலகு போக ஓராண்டுக்குச் சற்று மேல், அதாவது 2015 இறுதி. ஹீலியோஷீத்தை அழுத்திப் பரவச் சில மாதங்கள். 4.29 கி.எ.வோ. அணு திரும்ப அரை ஆண்டு. கூட்டினால் 2016 இறுதி. ஐபெக்ஸ் வானத்தில் பிரகாசம் கூடத் தொடங்கியது சரியாக அந்தச் சமயத்தில்தான், மூக்குக்குத் தெற்கே உள்ள பகுதியில். குறைந்த ஆற்றல் அணுக்கள் பின்னால் வந்தன, பக்கவாட்டுத் திசைகள் இன்னும் பின்னால். தாமதமே தூரத்தின் அளவுகோலாகிவிடுகிறது. இதே தர்க்கத்தை எல்லாத் திசைகளுக்கும் போட்டு 2021இல் முப்பரிமாண வரைபடம் ஒன்றை வெளியிட்டார்கள். மூக்குப் பக்கம் எல்லை 110 முதல் 120 அலகு, வால் பக்கம் குறைந்தது 350 அலகு.

வால் விஷயத்தில் எச்சரிக்கை தேவை. நெடுந்தூரத்திலிருந்து கிளம்பிய அணுக்கள் வழியிலேயே குறைந்துவிடுவதால் ஒரு தொலைவுக்கு அப்பால் இந்த முறைக்குக் கண் தெரியாது. சனியைச் சுற்றிய காசினியின் இன்கா கருவி 5 முதல் 55 கி.எ.வோ. வரை பார்த்தது. அந்தத் தரவை வைத்து ஒரு குழு ஹீலியோஸ்பியர் வாலில்லாத உருண்டை வடிவம் என்கிறது. வால் நட்சத்திர வடிவம், பிறை வடிவ ரொட்டி என்று வேறு கட்சிகளும் உண்டு. இந்தச் சண்டையில் சேரும் முன், ஒவ்வொருவரும் எந்த ஆற்றல் வரம்பைக் காட்டுகிறார்கள் என்று பாருங்கள். பாதிச் சண்டை அதில்தான் இருக்கிறது.

2025 செப்டம்பர் 24 அன்று புளோரிடாவிலிருந்து கிளம்பிய ஐமேப் கலம், பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி, சூரியன் பக்கமுள்ள, கலம் பூமியோடு சேர்ந்தே சூரியனைச் சுற்றக்கூடிய எல்-1 புள்ளிக்கென அனுப்பப்பட்டது. காந்த மண்டலத்தின் தொந்தரவு அங்கே மிகக் குறைவு. அதில் லோ, ஹை, அல்ட்ரா என்று மூன்று வகை ஈ.என்.ஏ. கருவிகள் உள்ளன. மூன்றும் சேர்ந்து சில எலக்ட்ரான் வோல்ட்டிலிருந்து 300 கி.எ.வோ. வரை எட்டுகின்றன. ஹையும் அல்ட்ராவும் 3 முதல் 15 கி.எ.வோ. வரை ஒன்றின்மேல் ஒன்று படிகின்றன. ஐமேப் தரவைக் கையில் எடுக்கும்போது அந்தப் பொது வரம்பில் ஒரே வானப் பகுதியை இரு கருவிகளிலும் வரைந்து, பிழை அளவுக்குள் ஒத்துப்போகிறதா என்று முதலில் பாருங்கள். ஒத்துப்போனால் மேற்கொண்டு கணக்குப் போடலாம். இல்லையென்றால் ஆறாம் படிக்குத் திரும்புங்கள்.